ஏறாமல் எடுத்த டிக்கெட்

"சார், அன்னிக்கு என் மருமகள் ஓட்டின பஸ்ல ஐந்நூறு பேர் போனாங்க. பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் கூட இல்ல."

இதைச் சொல்லிவிட்டு டபுள், விருந்து சாப்பிட்டு முடித்தவரைப்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

"பெரியவரே, இதுக்காகவே ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். விளையாடாதீங்க."

"விளையாட்டா? மேல பறந்த காக்கா ஒண்ணு நாத்தம் தாங்காம மயங்கி என் தோள்ல விழுந்துச்சு சார். தண்ணி தெளிச்சு நான்தான் அனுப்பி வச்சேன்."

டிப்போ கேண்டீனின் மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா கண்களை மூடிக்கொண்டாள். கேண்டீன்காரர் மேசையைத் துடைத்த துணி துவைத்து எத்தனை நாளாயிற்றோ, அந்தப் புளித்த ஈர வாடையே அவளுக்குத் தாங்க முடியவில்லை. அதன்மேல் இந்த மனுஷனின் காக்கா வேறு.

டபுள் என்ற பெயர் அவருக்கு இரண்டு காரணங்களால் வந்தது. கண்டக்டராக இருந்த காலத்தில் அவர் கொடுக்கிற டபுள் விசிலுக்கு பஸ் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மாட்டு வண்டியும் கிளம்பிவிடும் என்பது ஒன்று. அவர் எதைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் இரண்டால் வகுத்துக்கொள்வார்கள் என்பது மற்றொன்று. ஒரே ஒருத்தி மட்டும் வகுக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை, மொத்தமாகத் தள்ளிவிடுவாள். அவள்தான் அவருடைய மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா.

அதிகாரி இப்போது சுவரோரம் நின்ற மருமகளைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள் அவள்.

"இங்க பாரும்மா. பதினேழாம் நம்பர் பாதையில ஆளே ஏறலைன்னு மூடப் போன கடைசி நாள். அன்னிக்கு நீ கொடுத்த டிக்கெட்டுக்கெல்லாம் ஆள் ஏத்தினா, கூரை மேலயும் சக்கரத்துக்கு நடுவுலயும் உட்கார வச்சிருக்கணும். கைக்காசைப் போட்டு நீயே டிக்கெட் அடிச்சு, எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டிட்டேன்னு மேலிடத்துல சொல்றாங்க. அது நிஜம்னா உன் வேலை போயிடும். மேனேஜர் என்ன சொல்றாரு?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அன்னிக்கு என் ரூம் ஜன்னல் மூடியிருந்துச்சு சார். நான் எதையும் பார்க்கல."

பார்க்கவில்லையாம். சம்பந்தியம்மாவுக்கு வாய்வரை ஏதோ கசந்து வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

*

அவள் பால் பண்ணையில் வேலை பார்த்தவள். லாரியிலிருந்து இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, நல்லதை உள்ளே அனுப்பி, கெட்டதைக் காலால் ஓரமாகத் தள்ளுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு கேன்கள் போய்விட்டன, மூக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது. அடுத்த தெருவில் யாராவது தீக்குச்சி கிழித்தால் எந்தக் கம்பெனித் தீப்பெட்டி என்று சம்பந்தியம்மா சொல்லிவிடுவாள் என்று டபுள் ஊரெல்லாம் பெருமையடிப்பார். தன்னைப் புகழ்ந்து சொன்னதாயிற்றே என்றுகூட அவள் விட்டுவைக்கவில்லை. "கம்பெனியெல்லாம் தெரியாது. நமுத்துப் போன பெட்டியா இல்லையான்னு தெரியும், அவ்வளவுதான்" என்று திருத்துவாள்.

பெருந்தொற்று முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மகள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுல என்ன செத்துப் போச்சு?"

"எங்க மூக்குதான் சம்பந்தியம்மா" என்றார் டபுள், முகமெல்லாம் சிரிப்பாக.

உண்மைதான். காய்ச்சல் அந்த வீட்டில் நுழைந்து மூன்று பேரையும் ஒரே வாரத்தில் படுக்கப் போட்டது. எழுந்தபோது மாமனார், மகன், மருமகள் மூவருக்கும் வாசனை போய்விட்டிருந்தது. திரும்பி வரும் வரும் என்று காத்திருந்து, பிறகு அதை மறந்தே போனார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்த சம்பந்தியம்மா அப்படியே மூடினாள். உள்ளே பால் கட்டியாகி, கட்டி நிறம் மாறி, பாத்திரத்தைவிட்டு எழுந்து வரத் தயாராக இருந்தது. வாளிக்குள் தரை துடைக்கிற துணி தனக்கென்று ஒரு தோட்டம் போட்டிருந்தது. மாப்பிள்ளை டயர் ரிப்பேர் கடையிலிருந்து வந்து கழற்றிப் போட்ட சாக்ஸை அவள் இடுக்கியால் எடுத்தாள்.

இதையெல்லாம் வெந்நீரிலும் சோப்பிலும் தீர்த்துக் கட்டிய பிறகும் வீட்டில் ஒரு வாடை மிச்சமிருந்தது. முகர்ந்துகொண்டே போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மகளின் காக்கிச் சட்டையில் போய் முடிந்தது.

"ஏண்டி, இதைப் போட்டுக்கிட்டு எங்கே போய் உருண்டே?"

"நேத்து துவைச்சதும்மா. பஸ்ல உட்கார்ந்திருந்தேன், வேற எங்கே போவேன்?"

மகள் டிரைவர். கண்டக்டர் வேலையை எடுத்துவிட்டதால் டிக்கெட் மெஷினும் அவள் கையில்தான். இரவு சாப்பிடும்போது, ருசி தெரியாத நாக்கோடு உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஜனங்க பஸ்ஸை மறந்துட்டாங்கம்மா. ஏறுறாங்க, அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுறாங்க. குடையை மறந்துட்டேங்கிறாங்க, வெயில் கொளுத்துது. அடுப்பை அணைக்காம வந்துட்டேன்னு தினமும் ஒருத்தி இறங்குறா. அவ வீடு இன்னும் எரியாம இருக்கிறதே அதிசயம். பொம்பளை ஓட்டுறான்னு பயமா, நோய் ஒட்டிக்கும்னு பயமா, தெரியல. இந்த வாரத்தோட பாதையை மூடுறாங்க. என்னை மலையடிவார டிப்போவுக்கு மாத்திடுவாங்களாம்."

மலையடிவாரம் என்றால் ஒரு பகல் பயணம். போனால் அங்கேயே தங்க வேண்டியதுதான். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவளை டிப்போ டிப்போவாக மாற்றிப் போட்டதில், அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வாரம் ஒரே வீட்டில் இருந்ததே ஊரடங்கில் அடைத்து வைத்தபோதுதான்.

"மூடட்டும் பார்ப்போம்" என்றார் டபுள். "நான் கண்டக்டரா இருந்தப்ப இந்தப் பாதையில கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? உள்ள மூச்சு விடுறதுக்கு முறை போட்டுக்குவாங்க. இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் இழுத்தா அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் விடணும்."

"சாப்பிடுங்க சம்பந்தி" என்றாள் சம்பந்தியம்மா. "வாய் சும்மா இருந்தாத்தானே பேசுது."

*

மறுநாள் காலை மகளோடு பஸ் ஏறப் போனாள்.

ஊரடங்கின்போது பஸ்களையெல்லாம் டிப்போவின் பின்பக்கம், தகரக் கொட்டகை ஒழுகுகிற இடமாகப் பார்த்து நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். திரும்ப எடுத்தபோது வெளியே தண்ணீர் அடித்து, உள்ளே பினாயில் தெளித்து, கண்ணாடியில் 'மீண்டும் உங்கள் சேவையில்' என்று ஒரு காகிதத்தை ஒட்டி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தைத் தவிர அந்த பஸ்ஸில் புதிதாக எதுவும் இல்லை.

படியில் ஒரு கால் வைத்ததுமே சம்பந்தியம்மாவின் மூக்குக்குப் பினாயில் கிடைத்தது. அது மேலே போர்த்திய துணி. அதை விலக்கினால், மழையில் ஊறி வெயிலில் வெந்து மறுபடி ஊறின சீட்டுப் பஞ்சு. அதற்குக் கீழே எலி மூத்திரம். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், பின்பக்க எஞ்சினின் சூட்டில் மெல்ல மெல்ல இளகிக்கொண்டிருக்கிற ஒரு சாவு. ஒரு சாவுகூட இல்லை, ஒரு வம்சம். கெட்டுப் போன கேன்களை அவள் வாழ்நாள் முழுக்க மோந்திருக்கிறாள். ஒரு கேனுக்குள்ளும் உட்கார்ந்து பயணம் போனதில்லை.

"எப்படிம்மா இருக்கு என் வண்டி?" என்று கேட்டாள் மகள். கண்ணாடியில் அவள் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது.

வாயைத் திறந்தால் அது உள்ளே வந்துவிடும். சம்பந்தியம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு அலை புதிதாகக் கிளம்பி வந்து அவள் முகத்தில் அறைந்தது. ஜன்னலோரம் ஓர் ஈ கிடந்தது, மல்லாந்து, நிம்மதியாக.

ஒரு ஸ்டாப்பில் கூலிக்காரர் ஒருவர் ஏறினார். டிக்கெட் எடுத்தார். இரண்டு அடி உள்ளே வந்தார். முகம் பச்சையாயிற்று. "அடடா, என் தம்பி வரேன்னு சொன்னான்" என்று சொல்லிவிட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக அடுத்த திருப்பத்தில் இறங்கிப்போனார்.

"பார்த்தியாம்மா?" என்றாள் மகள்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டி நின்றதும் சம்பந்தியம்மா இறங்கி, சாக்கடை ஓரமாகப் போய், காலையில் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினாள். அந்தச் சாக்கடை வாடை அப்போது அவளுக்கு இதமாகக்கூட இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னாள்.

"கண்ணு, பஸ் நாறுதுடி."

"பினாயில் போடுறாங்களேம்மா."

"பிணம் நாறுது. அதுக்கு மேல பினாயில் நாறுது. யாரும் உன்னைப் பார்த்து ஓடல, நோயைப் பார்த்தும் ஓடல."

மகள் நம்பவில்லை. ஸ்டாப்பில் ஏறாமல் முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஆயா கையைப் பிசைந்தாள்.

"எப்படிம்மா சொல்றது? நீ பாட்டுக்குச் சிரிச்ச முகமா அதுக்குள்ள உட்கார்ந்திருக்கே. ஒருவேளை உன் மேல வர்ற வாடையோன்னு சில பேருக்குச் சந்தேகம். ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்ட மூஞ்சிக்கு நேரா இதைக் கேட்க முடியுமா?"

"அடுப்பு அணைக்கலன்னு தினமும் இறங்குற அக்கா..."

"நான்தாம்மா அது. எங்க வீட்டுல அடுப்பே ரிப்பேரு."

மகள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு சட்டைக் காலரை இழுத்து மூக்கருகில் பிடித்து, ஆழமாக ஒரு முறை இழுத்தாள். எதுவும் தெரியவில்லை. மறுபடி இழுத்தாள். சம்பந்தியம்மாவுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

*

அன்றே சம்பந்திகள் இருவரும் மேனேஜரைப் பார்க்கப் போனார்கள். மாடியில் அவர் அறை. ஏசி, மூடிய ஜன்னல், மேசைமேல் எலுமிச்சை வாசனை அடிக்கிற ஒரு டப்பா.

"நாறுதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? எனக்கும் மூக்கு இருக்கு" என்றார் அவர். "கடைசி சீட்டைக் கழட்டி, தரைப் பலகையைத் தூக்கணும். அதுக்கு ஆள் வேணும். ஆள் ஏறுற பாதைக்குத்தான் முதல்ல வேலைன்னு உத்தரவு."

"நாறுற பஸ்ல ஆள் எப்படி சார் ஏறும்?" என்று கேட்டாள் சம்பந்தியம்மா.

"ஏறினா கழட்டுவோம்."

"கழட்டினாத்தானே ஏறுவாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். முதல்ல ஏறட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். சிரிக்கிறாரா என்று பார்த்தாள். இல்லை. தலைமுடி படிய வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், அவர் அதை மனமார நம்பிச் சொன்னார். தெரிந்தே அந்த நாற்றத்துக்குள் ஒரு பெண்ணைத் தினமும் உட்கார வைத்துவிட்டு, மேலே வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு எலுமிச்சை அடித்துக்கொள்கிற மனுஷன். அன்று அவள் மோந்ததிலேயே குடலைப் பிடுங்கியது அந்த எலுமிச்சைதான்.

"நாளைக்கு எண்ணிக்கை பார்க்கிற கடைசி நாள்" என்றார் மேனேஜர். "டிக்கெட் தேறினா பாதை இருக்கும். சீட்டையும் கழட்டிடலாம்."

அதுவரை ஏசிக் காற்றை அனுபவித்துக்கொண்டிருந்த டபுள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிக்கெட் எண்ணிக்கை சார்? ஆள் எண்ணிக்கை இல்லையே?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"ஒண்ணுதான் சார், ஒண்ணுதான்" என்றார் டபுள். படியிறங்கும்போது அவர் கால்கள் தரையில் பாவவில்லை. கீழே வந்ததும் திட்டத்தைச் சொன்னார். ஜனங்கள் ஏற வேண்டாம். ஜன்னல் வழியாக டிக்கெட் எடுக்கட்டும். பஸ் நடக்கிற வேகத்தில் போகட்டும். எல்லாரும் கூடவே நடக்கட்டும்.

சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமா உங்களுக்கு? எவன் சம்பந்தி காசு கொடுத்துட்டு நடப்பான்?"

"ஊரே நடக்கும். வேன்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க எத்தனை பேர் தெரியுமா? ஆள் சேர்ற வரைக்கும் அவன் கிளம்ப மாட்டான். கிளம்பினா மடியில மடி உட்கார வைப்பான். ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க பாதி தூரம் நடந்தே வருதுங்க. இந்த பஸ் போச்சுன்னா இனிமே எந்தக் காலத்துலயும் வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னாப் போதும், ஐந்நூறு பேர் வருவாங்க."

"நீங்க சொன்னா நாய்கூட வராது. எல்லாருக்கும் உங்களைத் தெரியும்."

"வந்துட்டா?"

"வந்துட்டா, நீங்க சொன்னதுல ஒண்ணு நடந்துச்சுன்னு நாலு பேருக்கு முன்னால என் வாயால சொல்றேன். போதுமா?"

டபுள் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் அடைந்ததில்லை. கையைத் தட்டிக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கிப் போனார். சாயங்காலம்வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று பேசினார். எவ்வளவு பேசினார் என்பதற்கு அவர் சொன்ன கணக்கை நம்ப வேண்டியதில்லை. தொண்டை கட்டிப்போய் வந்தார், அது மட்டும் நிஜம்.

*

காலையில் முதல் ஸ்டாப்பில் ஆயா ஒருத்திதான் நின்றிருந்தாள். "அப்பவே சொன்னேன்" என்றாள் சம்பந்தியம்மா. சொன்னாளே தவிர, தெருமுனைவரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மகள் ஜன்னல் வழியாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயா டிக்கெட் எடுத்தாள். சம்பந்தியம்மாவும் எடுத்தாள், வேறு வழி? டபுள் பழைய பெட்டியிலிருந்து எடுத்து வந்த விசிலை வாயில் வைத்து, பஸ்ஸுக்கு முன்னால் தெருவில் நின்றபடி இரண்டு முறை ஊதினார். பஸ் நகர்ந்தது. பின்னால் இரண்டு பெண்கள் நடந்தார்கள். பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள். அதற்குக்கூட ஆள் இல்லை.

தையல் கம்பெனிச் சந்தில்தான் முதல் கூட்டம் சேர்ந்தது. கம்பெனிப் பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ஜன்னலைத் தட்டி, "டிரைவரக்கா, எனக்கு ஜன்னலோரம் கொடுங்க" என்றாள். "எந்த ஜன்னல்? எல்லாம் வெளியிலதான்" என்றாள் இன்னொருத்தி. அடுத்த ஸ்டாப்பில் தச்சர், அவர் மனைவி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். வேன் வராமல் காத்துக் காத்து அலுத்துப்போனவர்கள் அப்படியே வந்து சேர்ந்தார்கள். நேற்று தம்பி வருவான் என்று இறங்கி ஓடிய கூலிக்காரர் இன்று நிஜமாகவே தம்பியோடு வந்து இரண்டு டிக்கெட் வாங்கினார்.

கால் ஊனமான ஒருவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, நீங்க மட்டும் ஏறிக்குங்க" என்றார்கள். அவர் படிவரை போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "கால்தான்யா போச்சு. மூக்கு இருக்கே" என்றார். காய்கறித் தள்ளுவண்டியில் அவரை உட்கார வைத்துத் தள்ளினார்கள். அவரும் டிக்கெட் எடுத்திருந்தார்.

வெயில் ஏறியது. வெயில் ஏற ஏற பஸ் தன் வேலையைக் காட்டியது. திறந்த கதவு வழியாக நாற்றம் இறங்கி வந்து கூட்டத்தோடு கூடவே நடந்தது. முன்னால் போனவர்கள் பின்னால் வர ஆசைப்பட்டார்கள், காற்று திரும்பியதும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் ஓடினார்கள். சம்பந்தியம்மா கைக்குட்டையை நாலாக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தாள். திட்டிக்கொண்டே நடந்தாள். மேனேஜரைத் திட்டினாள், எலியைத் திட்டினாள், சம்பந்தியைத் திட்டினாள். டிக்கெட் மெஷினில் காகிதச் சுருள் தீர்ந்து மகள் புதிது மாற்றினாள்.

"அம்மா" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "எல்லாரும் வந்துட்டாங்கம்மா." கண்ணாடியில் அவள் முகம் நனைந்து கிடந்தது.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடி" என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மா வேறு பக்கம் திரும்பினாள். நாற்றம் கண்ணைக் கரித்தது என்று பிறகு சொன்னாள்.

டிப்போவுக்குள் நுழைந்ததும் டபுள் விசிலால் வழிகாட்டி, பஸ்ஸைச் சரியாக மேனேஜர் ஜன்னலுக்குக் கீழே, ஏசிப் பெட்டிக்கு அடியில் கதவு வருமாறு நிறுத்த வைத்தார். கூட்டம் தள்ளிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டது. யாரும் கோஷம் போடவில்லை. அவசியமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் படாரென்று திறந்தது, இன்னும் படாரென்று மூடியது. பிறகு மேனேஜர் படியிறங்கி ஓடி வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பாதி வழியில் பூந்தொட்டி ஒன்றைப் பிடித்துக் குனிந்துவிட்டார்.

"கழட்டித் தொலைங்கய்யா!" என்றார், நிமிர்ந்ததும்.

கடைசி சீட்டைக் கழற்றினார்கள். மூடி வைத்தபோது ஒரு பஸ் அளவு இருந்த நாற்றம், திறந்ததும் டிப்போ அளவு ஆயிற்று. பஞ்சுக்குள் எலிகள், எலிக்குட்டிகள், எலிகளாக இருந்தவை. அவற்றைத் தேடிப் போய் மாட்டிக்கொண்ட ஒரு பூனை, அல்லது பூனையின் மிச்சம். எல்லாவற்றுக்கும் நடுவில், எஞ்சின் மூடிக்கும் பலகைக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, மூடி திறந்த ஒரு சாப்பாட்டு டப்பா. ஊரடங்குக்கு முந்தின கடைசி நாள் யாரோ விட்டுவிட்டுப் போனது. அதைத் தேடித்தான் முதல் எலி வந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் அதைக் கம்பியால் தூக்கிக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயோ, என் டப்பா!"

ஆயா. எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் எங்கெல்லாம் தேடினேன்! வார்டுல எடுத்துட்டாங்கன்னு ஒரு பிள்ளைகிட்ட சண்டை போட்டு இன்னும் பேசாம இருக்கேன்." டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக ஏதோ அசைந்தது. "பூட்டு நல்லாத்தான் இருக்கு. வெந்நீர்ல போட்டு எடுத்தாப் போதும்."

சம்பந்தியம்மா இரண்டாவது முறையாகச் சாக்கடையைத் தேடிப் போனாள்.

*

பஸ் சுத்தமாயிற்று. பாதை தப்பியது. ஒரு வாரம் என்று வந்தவள் போகவில்லை. தினமும் காலையில் டிப்போவுக்குப் போய், மகள் வண்டியை எடுப்பதற்கு முன் கடைசி சீட்டுவரை நடந்து மோந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு இறங்குவாள். அதற்கப்புறம்தான் மகள் எஞ்சினைப் போடுவாள். ஜனங்கள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள்.

டபுள் மட்டும் விடவில்லை. "சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்றேன்னு சொன்னீங்களே" என்று தினமும் கேட்பார். "எதை?" என்பாள். ஒரு தடவை ஒத்துக்கொண்டால் அதற்கப்புறம் இந்த மனுஷனோடு ஒரு கூரையின் கீழ் இருக்க முடியுமா? பழையதெல்லாம் உண்மையாகிவிடும். முறை போட்டு மூச்சு விட்டது உட்பட.

இப்போது இந்த விசாரணை.

"ஊர் ஜனங்களைக் கேட்கலாம் சார்" என்றார் டபுள்.

"பஸ் வேணும்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவாங்க. வேண்டாம்" என்றார் அதிகாரி. "உங்க பேச்சுக்கு ஒத்து ஊதாத ஒரு ஆளைக் காட்டுங்க. இல்லன்னா இந்தப் பொண்ணு மேல எழுதிட்டு நான் கிளம்புறேன்."

கேண்டீன்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூலையைக் காட்டினார். "அந்த அம்மாவைக் கேளுங்க சார். பொண்ணைப் பெத்தவங்கதான். ஆனா அவர் மழை பெய்யுதுன்னு சொன்னா, அந்த அம்மா நனைஞ்சுகிட்டே இல்லன்னு சொல்லும். டிப்போவுக்கே தெரியும்."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். மகள் பொத்தானை விட்டாள். எல்லாரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். டபுள் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடக்க முடியாத ஒரு சிரிப்போடு.

அவள் எழுந்து வந்தாள். மேசைமேல் கை வைக்கப் போய், அந்தத் துணி வாடை நினைவு வந்து எடுத்துக்கொண்டாள்.

"காக்கா விழல" என்றாள். "உட்கார வந்துச்சு. உட்காராம போயிடுச்சு. அவ்வளவுதான்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஐந்நூறும் இல்ல. நான் எண்ணல. ஆனா மார்க்கெட் முனையில திரும்பறப்ப பின்னால பார்த்தேன், வரிசை எங்க முடியுதுன்னு தெரியல. ஜன்னல் மூடியிருந்துச்சுன்னு இவர் சொல்றாரே, அது ஒரு தடவை திறந்துச்சு. அப்புறம் கீழே வந்து அந்தப் பூந்தொட்டியில வாந்தி எடுத்தார். செடி பட்டுப் போயி இன்னும் நிக்குது, போய்ப் பாருங்க."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப, பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் கூட இல்லன்னு பெரியவர் சொல்றது?"

"அதுவும் பொய். என் பொண்ணு இருந்தா. அந்த நாத்தத்துக்குள்ள அவ ஒருத்தி மட்டும் உட்கார்ந்து ஓட்டிக்கிட்டு வந்தா."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். சம்பந்தியம்மா சம்பந்தியைப் பார்த்தாள். கெட்ட கேனின் மூடியைத் திறந்துவிட்டு மூட மறந்தவள்போல அவள் முகம் கோணிப்போயிருந்தது.

"மத்தபடி?" என்றார் அதிகாரி.

"மத்ததெல்லாம்..." என்று ஆரம்பித்து, எச்சிலை விழுங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்லி முடித்தாள்: "இந்த மனுஷன் சொன்ன மாதிரியேதான் சார் நடந்துச்சு. நானும் டிக்கெட் எடுத்தேன்."